கையெழுத்துப் பாணி எழுத்துருவும் சங்கத்தின் சரக்குச் சீட்டும்

சரக்கு நயமாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்தச் சங்கத்தின் சரக்கு, அதன் அளவென்ன, விலையென்ன என்பவற்றை வாங்குவோர் ஐயமின்றி அறியவும் வேண்டும். சேலையில் கட்டிய சிறு சீட்டும், மஞ்சள் தூள் பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டும் இவ்வேலையைச் செய்கின்றன. இன்று சங்கங்கள் பலவும் இச்சீட்டுகளைக் கணினியில் தாமே அமைத்து அச்சகத்துக்கு அனுப்புகின்றன. அவற்றில் கையால் எழுதியது போன்ற எழுத்துருக்களை விரும்பிச் சேர்ப்பதையும் காண்கிறோம். இவ்விருப்பம் தவறன்று. ஆனால் சேர்க்கும் இடமும் விலக்கும் இடமும் அறியாமற் சேர்த்தால் பணமும் நற்பெயரும் ஒருங்கே கெடும்.

தணிக்கையின்போது நாம் நேரிற் கண்டது ஒன்றைச் சொல்வோம். ஒரு நெசவாளர் சங்கத்தின் கண்காட்சிக் கடைக் கணக்கில் ரூ. 2,280 குறைந்தது. இருப்புப் பதிவேட்டில் ரூ. 1,270 என்று விலையிட்ட சேலைகளில் 38 சேலைகள் ரூ. 1,210 வீதம் விற்கப்பட்டிருந்தன. விற்பனையாளர்மேல் ஐயம் விழுந்தது. தொகையை அவர் சம்பளத்திற் பிடிக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அவரோ சீட்டிற் கண்ட விலைக்கே விற்றதாகச் சொன்னார். எஞ்சிய சேலை ஒன்றின் சீட்டை வாங்கிப் பார்த்தோம். நாமும் முதலில் 1,210 என்றே படித்தோம்! அழகுக்காகத் தேர்ந்த கையெழுத்துப் பாணி எழுத்துருவில் 1-உம் 7-உம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருந்தன. குற்றம் விற்பனையாளருடையதன்று, எண்ணின் வடிவத்தினுடையது என்பது தெளிவாயிற்று. நேர்மையான ஓர் ஊழியர் பழி சுமக்க இருந்தார் என்பதை எண்ணும்போது இதனைச் சிறு விஷயம் என்று தள்ள மனம் வரவில்லை.

எழுத்துரு என்பது என்ன?

ஒரே பாணியில் வரைந்த எழுத்துகள், எண்கள், குறிகள் ஆகியவற்றின் தொகுதியே எழுத்துரு. கையெழுத்துப் பாணி எழுத்துருவில் கோடுகள் சற்று வளைந்தும் சாய்ந்தும் இருக்கும். அதைக் காண்பவருக்கு யாரோ ஒருவர் அருகிருந்து பேசுவது போன்ற உணர்ச்சி உண்டாகும். அதன் பலமும் பலவீனமும் இதுவே.

உலகில் மிகுதியாகப் பேசப்பட்ட காமிக் சான்ஸ் என்ற எழுத்துருவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கானேர் என்பவர் 1994-இல் இதனை வரைந்தார். வீட்டுக் கணினிக்கென ஆயத்தமாகி வந்த ஒரு நிரலில், படத்து நாய் ஒன்று பேசும் சொற்கள் செய்தித்தாள் எழுத்தில் அமைந்திருந்தது அவருக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. சித்திரக் கதைகளின் எழுத்தைப் பின்பற்றி விளையாட்டான எழுத்து ஒன்றை அமைத்தார். பின்னர் அது கணினிகளோடு எங்கும் பரவியது. அறிவிப்புப் பலகை முதல் அலுவலகக் கடிதம் வரை எல்லாவற்றிலும் புகுந்தது. 2012-ஆம் ஆண்டு ஜூலையில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகள் பற்றிய மாபெரும் முடிவுகளை அறிவித்தபோது ஒரு குழுவினரின் விளக்கப் படங்கள் இவ்வெழுத்தில் இருந்தமையால் கேலிக்கு இலக்காயின. எழுத்துருவில் பிழையில்லை; இடம் பொருந்தவில்லை. இதுவே நாம் கொள்ளவேண்டிய படிப்பினை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, எழுத்துருவில் தமிழ் உண்டா என்று பார்க்க வேண்டும். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனைத் தேர்ந்து தமிழைத் தட்டினால் கணினி வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பும். சீட்டில் தமிழ் ஒரு விதமாகவும் ஆங்கிலம் வேறு விதமாகவும் நிற்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' போன்ற எழுத்துருக்களில் தமிழ், ரோமன் ஆகிய இரண்டும் ஒரே கைப்பாங்கில் அமைந்துள்ளன.

இரண்டாவது, அது யூனிகோடு முறையில் அமைந்ததா என்று கேட்க வேண்டும். பழைய முறை எழுத்துருவில் அமைத்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். ரூபாய்க் குறி 2010-இல்தான் ஏற்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய எழுத்துருக்களில் அக்குறி இராது.

மூன்றாவது, எழுத்து மயக்கம் உண்டா என்று சோதிக்க வேண்டும். ல, ள, ழ, ன, ண, ர எழுத்தும் துணைக்காலும், எண்களில் 1, 7, 3, 8, 0, 6 ஆகியவற்றை அடுத்தடுத்து அச்சிட்டுப் பார்க்க வேண்டும். புள்ளி மெலிந்து மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

நான்காவது, உரிமத்தைப் படிக்க வேண்டும். இணையத்தில் விலையின்றிக் கிடைப்பன எல்லாம் வியாபாரத்துக்கு உரியன அல்ல. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று குறித்த எழுத்துருவைச் சரக்குச் சீட்டில் இட்டால், உரிமையாளர் சங்கத்திடம் ஈடு கேட்க இடமுண்டு. திறந்த எழுத்துரு உரிமம் உடையவற்றை வியாபாரத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனிச்சரக்காக விற்பதற்கே தடை. உரிமத்தின் படி ஒன்றைக் கோப்பில் வைத்திருத்தல் நலம்.

பயன்படுத்தும் முறை

கையெழுத்துப் பாணி சில சொற்களுக்கே உரியது. சங்கத்தின் பெயர், சேலை ரகத்தின் பெயர், 'கைத்தறியில் நெய்தது' என்ற ஒரு வரி, இவ்வளவே போதும். விலை, எடை, நீளம், நாள், முகவரி, துவைக்கும் முறை ஆகியவை நேரான, தெளிவான எழுத்துருவிலேயே இருக்கவேண்டும். ஒரு சீட்டுக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டா. எழுத்தை இழுத்து அகலப்படுத்துவதும் நெருக்கி ஒடுக்குவதும் கூடா. தமிழில் இகரக் குறி மேலேயும் உகரச் சுழி கீழேயும் நீள்வதால் வரிகளுக்கிடையே போதிய இடம் விடவேண்டும்.

முன்னரே பொட்டலமிட்டு விற்கும் பண்டங்களுக்குச் சட்டமும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பண்ட விதிகள், குறிக்கவேண்டிய விவரங்கள் தெளிவாகவும் எடுப்பாகவும் இருத்தல் வேண்டும் என்கின்றன. விலையும் நிகர அளவும் பின்னணியினின்று வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருக்கவேண்டும். அவ்விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் அவசியம். கூடவே தமிழிலும் தரலாம்.

அச்சிடும் பொருளையும் கருதவேண்டும். பழுப்புக் காகிதத்தில் மை பரவும். துணிப்பையிலும் சாக்கிலும் நுண்ணிய கோடு அடைபடும் அல்லது அறுபடும். அங்கெல்லாம் தடித்த கோடுள்ள எழுத்தே நிற்கும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. எழுத்துருவில் ஒரு சொல்லில் மும்முறை வரும் 'க' மூன்றும் அச்சொத்தாற்போல் இருக்கும். மனிதர் கையோ அப்படி எழுதாது. ஆகையால் இரண்டு மூன்று சொற்களே வேண்டுமாயின், நல்ல கையெழுத்துடைய அங்கத்தினர் ஒருவரையே எழுதச் செய்து படமெடுத்து அச்சிடலாம். அது வேறெந்தச் சங்கத்துக்கும் கிட்டாத முத்திரையாகும்.

ஒரு நேர்மையையும் மறத்தலாகாது. கையெழுத்தைக் காண்பவர் கைவேலையை நினைக்கிறார். விசைத்தறித் துணிமேல் அந்நினைவைத் தூண்டுவது, சொல்லாமற் சொல்லும் பொய்யாகும்.

முடிவாக, சீட்டை மொத்தமாக அச்சிடுமுன் ஒரேயொரு படியை உரிய அளவில், உரிய காகிதத்தில் எடுத்து நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கவேண்டும். வயதில் மூத்த அங்கத்தினர் ஒருவரும், கடையில் விற்பனை செய்பவரும் கைநீட்டுத் தூரத்தில் பிடித்து அதனை உரக்கப் படிக்கட்டும். இருவரும் தடையின்றிப் படித்தால் அச்சுக்கு அனுப்பலாம். மேற்சொன்ன சங்கம் இப்போது இம்முறையையே கைக்கொள்கிறது. அதன் சீட்டில் சங்கத்தின் பெயர் இன்றும் அழகிய கையெழுத்துப் பாணியில் இருக்கிறது. விலை மட்டும் நேரான எண்களில் நிற்கிறது. அவ்விற்பனையாளரும் அக்கடையிலேயே இருக்கிறார்.