நிர்வாகக் குழுவில் தலித் பெண்: இடம் மட்டும் போதுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி 7 பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அணைக்கட்டு, ஆம்பூர் வட்டாரப் பெண்கள் அமைப்புகளில் அம்மூவருள் தலித் பெண் உண்டா என்று மட்டும் கேட்பது போதாது. குழு எத்தனை மணிக்குக் கூடுகிறது என்றும் நாம் கேட்கிறோம். காலணித் தொழிற்சாலைக்கு விடியலில் வேன் ஏறும் பெண், வார நாளில் பகல் 11 மணிக்கு எப்படி வருவார்? தீர்மானப் புத்தகம் மட்டும் இரவில் அவர் வீடு தேடி வரும், கையொப்பத்துக்காக. கணக்கில் முறைகேடு எழுந்தால், மாவட்டப் பதிவாளரின் விசாரணையில் அக்கையொப்பத்துக்கு அவரே விடை கூற வேண்டும். படித்துக் காட்டாத தீர்மானத்தில் ஒப்பமிட மறுப்பது அவரது உரிமை. காசோலையில் ஒப்பமிடுபவர் யார் என்பது அடுத்த கேள்வி. கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.