வலுவும் வசமும்: திருகோணமலை வீதிகளிற் சுப்பர்சார்ஜர் பூட்டிய மோட்டார் வாகனம்

மோட்டார் வாகனமொன்றின் வலுவை அதிகரிப்பது இன்று அரிய செயலன்று. எஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் வழியாக இயக்கம் பெற்று, வளியை அமுக்கி உருளைகளுட் செலுத்தும் கருவி சுப்பர்சார்ஜர் எனப்படும். வளி மிகுந்தால் அதற்கேற்ப எரிக்கத்தக்க பெற்றோலும் மிகும், வலுவும் மிகும். ஆயினும் இக்கருவியைப் பின்னர் வாங்கிப் பூட்டிய வாகனம், சந்தை வீதியில் மெதுவாக ஊர மறுக்கும்போதுதான் உண்மையான பிரச்சினை எழுகின்றது. வலுவைப் பெறுவதன்று, அதனைச் சாரதியின் காலுக்கு வசப்படுத்துவதே இத்துறையிற் கடினமான பகுதி என்பது எமது கருத்து.

இப்பிரச்சினை திருகோணமலைக்குப் புதியதன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, அவற்றை எதிர்த்து அத்தளத்திலிருந்து எழுந்தவை பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் மேர்லின் எஞ்சின்கள் சுப்பர்சார்ஜர் கொண்டவை. ஏறக்குறைய 5,500 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்திலிருப்பதன் பாதியே. அக்குறையை ஈடுசெய்யவே அக்கருவி அமைந்தது. ஆனால் உயரத்திற்கென அமைந்தது கடல் மட்டத்தில் மிகையாகிவிடும். தடையின்றி இயங்கவிட்டால் எஞ்சினையே சிதைக்கும். ஆகவே தாழ்வான உயரங்களில் வளிவாயிலை ஓரளவுக்கு மேல் திறக்கவிடாத கட்டுப்பாட்டுக் கருவியொன்று இணைக்கப்பட்டிருந்தது. ஹரிக்கேனின் இரண்டாம் வகையிற் பொருத்தப்பட்ட மேர்லின் 20 எஞ்சினில், தாழ்வில் மெதுவாகவும் உயரத்தில் விரைவாகவும் சுப்பர்சார்ஜரைச் சுழற்ற இரு கியர்கள் இருந்தன.

விமானி உயரத்தை நோக்கிச் செல்பவன். துறைமுக நகரின் சாரதியோ எந்நேரமும் கடல் மட்டத்திலேயே இருப்பவன். அவனுக்கு அந்த மிகை அபூர்வமாகவே தேவைப்படுகின்றது. இதனை முன்னோடிகள் உணர்ந்திருந்தனர். 1921இல் பேர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்ட மெர்சிடிஸ் கார்களில், அக்சிலறேற்றரை அடிவரை மிதித்தால் மாத்திரமே சுப்பர்சார்ஜர் இணைந்து சுழன்றது. 1980களில் டொயோட்டா நிறுவனம் அதே வேலையை மின்காந்தக் கிளச்சினாற் செய்தது. பின்னர் பூட்டப்படும் கருவிகளுட் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய கிளச் இல்லை. எஞ்சின் சுழலும்வரை அவையும் சுழலும்.

இங்குள்ள வீதிகளை நோக்குவோம். பிரெட்றிக் கோட்டையிலும் நகரிலும் தம்மிச்சைப்படி உலவும் புள்ளிமான்கள், முச்சக்கர வண்டிகள், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள், பள்ளிப் பிள்ளைகள். காலைச் சிறிது அழுத்தியதும் பாயும் வாகனம் இவர்களுக்கிடையில் ஓட்டத்தக்கதன்று. வலுவின் இன்பம் சாரதிக்கு, ஆபத்து நடந்து செல்வோருக்கு என்ற பங்கீட்டை எவ்வகையிலும் ஏற்கவியலாது.

பாய்ச்சலைத் தணிக்கும் முதற் சாதனம் மாற்றுவழி வால்வு ஆகும். சாரதி காலை இலேசாக வைத்திருக்கையில், வளிவாயிலுக்கும் உருளைகளுக்கும் இடையில் அமுக்கம் தாழ்ந்திருக்கும். அத்தாழ்வினாலேயே இவ்வால்வு திறந்து, சுப்பர்சார்ஜர் தள்ளும் வளியை அதன் முன்புறத்திற்கே திருப்பிவிடும். அப்போது கருவி சுமையின்றிச் சுழலும். வால்வு சட்டென மூடினால் வாகனம் குதிக்கும். படிப்படியாக மூடுமாறு அதன் வில்லைச் சீர்செய்தல் வேண்டும். வளியை அளக்கும் உணரியைக் கடந்துவிட்ட வளியை வெளியே விடுவதும் தவறு. எஞ்சினின் கணினி இல்லாத வளிக்குப் பெற்றோல் ஊற்றும். சந்தியில் நிற்கும் வாகனம் விக்கி அணைந்துவிடும். அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் தெளிப்பிகளாலும் இதே விக்கல் நேரும். பெரிய துளையினூடாகச் சிறு அளவைத் திருத்தமாக விடுவது கடினமல்லவா?

அடுத்தது வெப்பம். 30 பாகை செல்சியசிலுள்ள வளியை 1.4 மடங்கு அமுக்கத்திற்கு உயர்த்தினால், இழப்பே இல்லாதவிடத்தும் வெப்பநிலை 60 பாகையை எட்டும். 60 சதவீதத் திறன் கொண்ட கருவியில் அது 80 பாகையைத் தாண்டும். அவ்வளவு சூடான கலவை, தீப்பொறி மூட்டிய சுவாலை சென்றடையுமுன்னரே தானாக வெடிக்க முற்படும். மெக்கானிக்குகள் இதனை ‘நொக்’ என்பர். முசலத்தை உடைப்பது இதுவே. 92 ஒக்டேன் பெற்றோலை விடுத்து 95ஐ ஊற்றுவது ஓரளவு காக்கும். (பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டிய ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊரில் ஒக்டேனை எண்ணிக் கவலைப்படுவதும் ஒரு வேடிக்கையே.) தீப்பொறியைத் தாமதப்படுத்தலாம், மிகத் தாமதித்தால் எஞ்சின் சோம்பும், கழிவாயுவும் கொதிக்கும். ஊர்ந்து செல்லும் வாகனத்தில், எதிர்க்காற்றை நம்பிய குளிர்விப்பான் பயன் தராது. மின்பம்பியினால் நீரைச் சுழற்றி வளியைக் குளிர்விக்கும் முறையே இக்காலநிலைக்கு ஏற்றது. நீரின் சூட்டை அகற்றும் ரேடியேற்றருக்கும் மின்விசிறி வேண்டும். கடற்காற்றின் உப்பு அதன் மெல்லிய தகடுகளை அரிப்பதால் அடிக்கடி நன்னீரிற் கழுவுதலும் வேண்டும்.

இவையனைத்திலும் எளிய வழியொன்றுண்டு. சுப்பர்சார்ஜரின் கப்பியைச் சற்றுப் பெரிதாக்கினால் அது மெதுவாகச் சுழலும். அமுக்கம் குறையும், வெப்பமும் குறையும். உச்ச வலுவிற் சிறிது இழப்பு நேரும். சாதாரண வாகனத்திற்கென அமைந்த, 10க்கு 1 என்ற அமுக்க விகிதம் கொண்ட எஞ்சினில் இவ்விழப்பை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை என்போம்.

திருத்தம் சரியானதா என்பதை அறிய விரைவுச் சாலை தேவையில்லை. நண்பகல் வெயிலில் குளிரூட்டியை இயக்கிவிட்டு, உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில், முன்செல்லும் சைக்கிளை முந்தாது பின்தொடர்ந்து பார்க்கலாம். உதறலோ நொக்கோ இல்லாமல், ஏற்றத்தின் முடிவில் நிறுத்திய பின்னும் எஞ்சின் சீராகச் சுழன்றுகொண்டிருந்தால் வாகனத்தை வீதிக்கு விடலாம்.