பஞ்சு வாளும் பற்றுங் கையும்

வாட்போர் விளையாட்டொன்றில் எதிரியின் வாளைக் கையாற் பற்றிக்கொள்ளலாமா? கேட்ட மாத்திரத்திற் சிறுபிள்ளை வினாவாகவே தோன்றும். ஆயினும், நுரைப்பஞ்சு போர்த்த ஆயுதங்களைக் கொண்டு அமெரிக்க நாட்டில் விளையாடுஞ் சங்கங்கள் இவ்வொரு வினாவின் விடையிலே தம்முள் வேறுபட்டு நிற்கின்றன. அவ்வேறுபாட்டின் காரணங்களை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1977ஆம் ஆண்டிலே வாஷிங்ரன் நகரின் அயலில் தகோர்ஹிர் என்னுஞ் சங்கந் தோன்றிற்று. 1983இல் ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் அம்ற்கார்ட் எழுந்தது. பெலகார்த் என்பது தகோர்ஹிரின் வழியிற் பின்னர்ப் பிரிந்து வந்தது. வாளும் ஈட்டியுங் கோடரியும் இவற்றில் ஒருவகையாகவே செய்யப்படுவன. கண்ணாடி நாரினாலோ பிளாஸ்ரிக் குழாயினாலோ ஆன உட்கம்பு ஒன்று; அதன்மேல் தடித்த நுரைப்பஞ்சு; அதற்கு மேல் துணியுறை. தகோர்ஹிர் களத்திலே, கையில் அடிபட்டவர் அக்கையை முதுகின்பின் மடக்கிக்கொள்வார்; காலில் அடிபட்டவர் முழந்தாளிடுவார்; உடலில் அடிபட்டவர் இறந்தவராவார். அடி பட்டதா என்பதைச் சொல்பவர் நடுவரல்லர், அடிபட்டவரே. கிரிக்கெற் ஆட்டத்தில், நடுவர் விரலை உயர்த்துமுன்பே தாமாக நடந்து செல்லுந் துடுப்பாட்டக்காரரை நாம் மெச்சுகின்றோம். இங்கோ எல்லாரும் எப்பொழுதும் அவ்வாறு நடந்தாலன்றி ஆட்டமே நடவாது.

பற்றுதல் சிக்கலாவது இவ்விடத்தேதான். அடி ஒரு கணத்தில் முடிவது. நேர்மையுள்ளவனுக்கு அதில் ஐயம் பெரும்பாலும் இராது. பிடியின் செய்தி அவ்வாறன்று. இரும்பு வாளின் அலகை வெறுங்கையாற் பற்றியவன் அக்கையைப் பற்றி அஞ்சவேண்டும். பஞ்சு வாளைப் பற்றியவனுக்கோ ஒரு கீறலுமில்லை. இதனைத் தடுக்காவிடின் வாள் வாளாகாது, வெறுந்தடியாகிவிடும். நீண்ட கையும் முரட்டு வலிமையும் உடையவர் எதிரியின் வாளைப் பறித்தெறிந்து வெற்றிகொள்வர். பயிற்சியாற் பெற்ற வாள்வித்தை பயனற்றுப்போம். ஆதலால், ஆயுதத்தை வெட்டும் பகுதியென்றும் வெட்டாப் பகுதியென்றும் பிரித்து நோக்குதல் இவ்விளையாட்டுக்களின் அடிப்படையாயிற்று. மற்பிடிக்கு இடமளிக்குங் களங்களில், ஈட்டியின் தண்டைப் பற்றுதலும் வாளின் அலகைப் பற்றுதலும் ஒன்றாகக் கொள்ளப்படுவதில்லை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய பல சங்கங்களில், ஆயுதம் ஏந்திய கை மணிக்கட்டின்கீழ் ஆயுதத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்படும். அதில் விழுந்த அடி கணக்கில் வராது. வெறுங்கையில் விழுந்த அடியோ கையை இழக்கச் செய்யும். அங்ஙனமாயின், எதிரியின் வாளைப் பற்றிய கை ஆயுதம் ஏந்திய கையா, வெறுங்கையா? பற்றியவன் முன்னதென்பான், பற்றப்பட்டவன் பின்னதென்பான். எமது கருத்தின்படி பின்னதே நியாயம். தன் வாளைப் பிடிப்பவனுக்கு அளித்த சலுகையைப் பிறன் வாளைப் பறிப்பவன் கோருதல் பொருந்தாது.

பண்டைய வாட்போரில் இதற்கு விடை தேடுவோரும் உளர். ஆனால் வரலாறு இவர்கள் விரும்பும் விடையைத் தருவதில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆசான் பியோரே தேயி லிபேரி வரைவித்த போர்நூலிலே, நெருங்கிப் பொருதுங்கால் எதிரியின் வாளையும் வாட்கையையும் பற்றி அவனை நிராயுதனாக்கும் முறைகள் காட்டப்பட்டுள்ளன. அந்நூற்றாண்டிலேயே ஜெர்மானிய ஆசான் ரால்ஹோபர் வரைவித்த படங்களில், வீரர் தம் வாளின் அலகையே இரு கையாலும் பற்றிக் கைப்பிடியால் எதிரியை மோதுகின்றனர்! இறுகப் பிடித்த அலகு எளிதில் வெட்டாது. இழுபட்டு வழுக்கும்போதே வெட்டும். எனவே ‘அலகைத் தொட்டாற் கை போயிற்று’ என்பது வரலாற்றுண்மையன்று, ஆட்டத்தின் வசதிக்காக ஆக்கிய உடன்பாடு. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அலகு வழுக்கிற்றா இல்லையா என்பதை ஓடுங்களத்தில் அளந்து சொல்வார் யார்?

1966இல் கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் தொடங்கிய மத்தியகாலப் புத்தாக்கச் சங்கத்தார் பஞ்சால் அன்றிப் பிரம்பால் ஆன வாள்களைக் கொண்டு, இரும்புத் தலைக்கவசம் அணிந்து பொருவர். அடி அங்கு உண்மையாகவே கனமானது. அவர்கள் எதிரியின் உடலையும், கேடயத்தையும், ஆயுதத்தின் தாக்கும் பகுதியையும் பற்றலாகாதென்று விலக்கிவிட்டனர். அம்ற்கார்ட் சங்கத்தாரும் மற்பிடியை ஏற்பதில்லை. தகோர்ஹிரும் பெலகார்த்தும் மற்பிடிக்கு இடமளிக்கின்றன. எனினும் கவசம் அணிந்தவர் கவசமற்றவர்மீது தாமாகச் சென்று மற்பிடி தொடுத்தலைப் பெலகார்த் அனுமதிப்பதில்லை. உலோகத்தின் பாரம் மெல்லிய சட்டைக்காரர்மேல் விழுந்தால் என்னாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

விளையாட்டின் நேர்மை ஒருபுறமிருக்க, உடலுக்கு நேரும் ஊறும் எண்ணத்தக்கது. கேடயம் பெரும்பாலும் முன்கையில் வாரினாற் பிணிக்கப்பட்டிருக்கும். வாளைப் பறிகொடுத்தவன் பிடியை நெகிழவிட்டுத் தப்பலாம். வாரிற் சிக்கிய கை அவ்வாறு தப்பாது. கேடயத்தின் விளிம்பைப் பற்றி ஒருவன் சடுதியாக முறுக்குவானாயின், திரும்புவது கேடயமட்டுமன்று, முழங்கையும் தோளுமேயாம். வில்லின் நிலையும் அபாயமானதே. நாணேற்றிய வில்லின் சிறகைப் பற்றி வளைத்தால் அது முறிந்து முகத்திலே தெறித்தல் கூடும். ஆகவேதான் மேற்கூறிய பிரம்பு வாட் சங்கத்தார் தம் விதியிலே வில்லின் சிறகுகளைத் தனியே பெயர்சொல்லி விலக்கியுள்ளனர்.

பஞ்சு வாளுக்கு நேருங் கேடும் சிறிதன்று. அது அடியைத் தாங்கச் செய்யப்பட்டதேயன்றி முறுக்கைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. அலகைப் பற்றித் திருகினால் உட்கம்பினின்றும் பஞ்சின் ஒட்டு விடும். துணியுறை பழுதின்றி இருப்பதால் உள்ளே நேர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த அடியிலே கம்பு பஞ்சைத் துளைத்து வெளிவரலாம். களத்தில் இறங்குமுன் ஒவ்வோர் ஆயுதத்தையும் அழுத்தியும் வளைத்தும் சோதிப்பது இதன்பொருட்டே. சோதனையில் தவறிய வாளை அன்று களத்தினுட் கொண்டுசெல்ல முடியாது. பற்றியவன் வேறொருவனாயினும், வாளைத் தன் கையாற் செய்தவனே அதனை மீண்டும் ஒட்டிக் கட்டவேண்டியவனாகின்றான்.