எம்ஜிபி ரோட்ஸ்டர், 1962–1980

முதலில் முன் பம்பரைப் பாருங்கள். பளபளக்கும் குரோமியமா, கனத்த கறுப்பு ரப்பரா? பழைய எம்ஜிபி ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்க வருபவரின் கண் போகும் இடம் இதுதான். குரோமிய வண்டிக்குத்தான் விலை கூடுதல். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தது. உயர விதிக்காக வண்டியையே ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். வளைவுகளில் அது சாயத் தொடங்கியது. அழகு கெட்டதை மன்னிக்கலாம், இதை மன்னிப்பது கடினம்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் சிட் எனெவர் தலைமையில் உருவான கார் இது. முந்தைய எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. எம்ஜிபியிலோ உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. அதனால் நீளம் குறைந்தும் உள்ளே இடம் கூடியது. ஆனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியில் துரு ஏறினால், மேலே எத்தனை பூச்சு பூசினாலும் வண்டியின் உறுதி போய்விடும்.

1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டர், சுமார் 95 குதிரைத்திறன். மணிக்கு 160 கி.மீ.யைச் சற்றே தாண்டும். கூரை மூடிய ஜிடி 1965இல் வந்தது. அதன் வடிவமைப்பில் இத்தாலியின் பினின்ஃபரீனாவுக்குப் பங்குண்டு.

1980 அக்டோபரில் ஆலை மூடப்படும்வரை 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1988இல் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடற்கூடுகள் செய்யத் தொடங்கினார்கள். எனவே 1960களின் எம்ஜிபி ஒன்றின் உடல், அதன் பதிவு எண்ணைவிட இருபது ஆண்டு இளையதாகவும் இருக்கலாம்.