வாலும் வாசலும் - 9: அடிக்கிற கை

என் வலது கையில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. சட்டென்று பார்த்தால் கொசுக்கடித் தழும்பு மாதிரி இருக்கும். மணி 11 வாரக் குட்டியாக இருந்தபோது போட்ட கையெழுத்து அது. அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். இல்லாவிட்டால் பழி முழுக்க அவன் தலையில் விழுந்துவிடும்.

மணி என் மச்சினன் கொண்டுவந்த குட்டி. "அப்பன் சிப்பிப்பாறை, ஆத்தா தெருவுல திரியிறது. ரெண்டும் கலந்தா நோயே அண்டாது அத்தான்" என்று ஒரு விஞ்ஞானமும் சொன்னான். சாத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறு குட்டி போட்ட ஈத்து. ஆப்பிள் பெட்டிக்குள் பழைய வேட்டியைச் சுற்றி, பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணிக்கு 35 நாள். கண் திறந்து, நாலு அடி தள்ளாடி நடந்தால் போதும், தூக்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் நம் வழக்கம். சின்னதில் கொண்டுவந்தால்தான் நம்மிடம் ஒட்டுமாம்.

முதல் கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்க ஆரம்பிக்கும். மொத்தம் 28. ஊசி முனை மாதிரி இருக்கும். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு அது அண்ணன் தம்பிகளோடு உருண்டு புரளும். ஒன்று இன்னொன்றின் காதை அழுத்திக் கடித்தால், கடிபட்டது 'வீல்' என்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். விளையாட்டு முடிந்தது. பால் குடிக்கும்போது காம்பில் பல் பட்டால் தாய் வெடுக்கென்று எழுந்துகொள்ளும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் வினை என்ற கணக்கைக் குட்டி இப்படித்தான் படிக்கிறது. அதற்கு எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். மணி, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு வந்தவன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-வது வாரம் வரை குட்டியின் மனசு திறந்த வாசல் மாதிரி இருக்கும், யாரை நம்பலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் அப்போதுதான் பதிகிறது என்பது அதன் சாரம். அந்த வாரங்களில் மணிக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதுதான் இனி வருவது.

வந்த ஒரு வாரத்துக்குத் தூங்கினான். அப்புறம் கடித்தான். நாலாம் வகுப்பு படிக்கிற என் மகளின் பாவாடை விளிம்பு, என் லுங்கி, அம்மாவின் குதிகால், கதவு மூலை, மிதியடி, எதையும் விடவில்லை. மகள் ஓடினால் துரத்தினான். அவள் கத்தக் கத்த அவனுக்கு உற்சாகம் கூடியது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டு போடுய்யா" என்றாள் அம்மா. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி, "மல்லாக்கப் புரட்டிக் கழுத்தைப் பிடிச்சு அமுக்குங்க சார். யாரு எசமான்னு அதுக்குத் தெரியணும்" என்றார். "திருப்பிக் குடுத்துருங்க" என்றாள் மனைவி.

மனைவி சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். பேப்பரைச் சுருட்டி மூக்கில் அடித்தேன். மல்லாக்கப் புரட்டி அமுக்கினேன். குளியலறையில் போட்டுப் பூட்டினேன். பேப்பர் அடி வலிக்காது, சத்தம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த 'எசமான்' வைத்தியத்துக்கு ஒரு கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் பாசல் நகர மிருகக்காட்சி சாலையில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை ஒன்று அடக்கித் தலைமைக்குச் சண்டை போடுகின்றன என்றார். டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அந்தக் கருத்தை ஊரெங்கும் பரப்பியது. பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பன், ஆத்தா, பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம், அவ்வளவுதான். அவர் மாற்றிக்கொண்டது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 140 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாயை அடித்த, உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர் அது பதிலுக்குச் சீறியதாகவோ பாய்ந்ததாகவோ சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 சதவீதம்.

மணி சீறவில்லை. அதைத்தான் நான் வெற்றி என்று நினைத்தேன். பத்து நாளில் கடி நின்றுவிட்டது. அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில், மிதிகட்டைக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்வான். நான் குனிந்தால் படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுவான். 'குட்டிதானே, அடக்கத் தெரியல' என்று துடைத்துவிட்டேன். முன்பெல்லாம் லேசாக உறுமுவான். அதற்கும் அடி விழுந்ததால் உறுமலையும் விட்டுவிட்டான். நாய் உறுமுவது 'கிட்ட வராதே' என்று வாய்விட்டுச் சொல்வது. அதை நான் நிறுத்தியிருந்தேன். சொல்லாமல் செய்வதுதான் அவனுக்கு மிச்சம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மிஷினுக்கு அடியில் அவன் இழுத்துப் போட்டிருந்த செருப்பை எடுக்கக் கையை நீட்டினேன். சத்தமே இல்லை. கோரைப்பல் இரண்டும் இறங்கிவிட்டன. ரத்தம் சொட்டியது. மணி இன்னும் உள்ளே தள்ளிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான். கடித்தவன் நடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா காப்பித்தூளோடு வந்தாள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவினேன். இந்தத் தொடரில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் 15 நிமிஷம், அடுத்து நேராக ஆஸ்பத்திரி. 'வீட்டுக் குட்டிதானே' என்று விடக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் அன்றைக்கு ஒன்று, பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். எனக்கு ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றினார்கள். கடியைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் மணியைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். இளவயதுப் பெண் டாக்டர். நான் வழக்கை ஒப்பித்துக்கொண்டே அவன் தலையைத் தடவப் போனேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம். ரெண்டு கையையும் பேன்ட் பைக்குள்ள வைங்க."

வைத்தேன். "அப்படியே திரும்பி நின்னு என்கிட்ட பேசுங்க." நின்றேன். என்ன தீனி, பூச்சிமருந்து கொடுத்தாயிற்றா, எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று ஏதேதோ கேட்டார். நாலைந்து நிமிஷம் போயிருக்கும். கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு.

"உங்களைப் பிடிச்சிருக்கு சார். கையைத்தான் பிடிக்கல" என்றார்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. பிள்ளைகள் விஷயத்திலேயே எனக்கு அதில் சந்தேகம். நாய்க்கு அது சுத்தமாகப் புரியாது. அடித்த கை காலையில், அணைத்த கை மாலையில் என்றால், எது எப்போது வரும் என்று தெரியாத கை அது. அதைவிடப் பயங்கரம் வேறில்லை.

டாக்டர் சொன்ன வைத்தியம் கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். முதல் ஒரு வாரம் நான் அவனைத் தொடவே கூடாது. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மிஷினுக்கு நாலடி தள்ளி, அவனுக்கு முதுகு காட்டித் தரையில் உட்காருவேன். வேகவைத்த கோழியைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் உருட்டிவிடுவேன். முதல் நாள் கறி அங்கேயே கிடந்தது. காலையில் எறும்பு மொய்த்திருந்தது. மூன்றாம் நாள் நக்குகிற சத்தம் கேட்டது. "நாய்க்கு முதுகு காட்டி விருந்து வைக்கிற மனுசனை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா.

இரண்டாவது வாரம் கையைத் தரையில் வைத்தேன். உள்ளங்கை மேலே, நடுவில் ஒரு துண்டுக் கறி. கை அசையக் கூடாது. மணி கழுத்தை நீட்டுவான், உடம்பு பின்னாலேயே நிற்கும். உதட்டை ஒருதரம் நக்குவான், கொட்டாவி விடுவான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண் வெள்ளை தெரியப் பார்ப்பான். இதெல்லாம் தூக்கமோ பசியோ இல்லை, 'எனக்குப் பயமா இருக்கு' என்கிற பேச்சு. தெரிந்ததும் நான் கையை இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். அவனுக்கு அது புதுசாக இருந்திருக்க வேண்டும். அவன் சொல்லி என் கை கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டான்.

பிறகு தடவல். தலைக்கு மேலே கை போகாமல், தாடைக்குக் கீழே இரண்டு விரலால் சொறிவது. மூன்று எண்ணுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். இன்னும் வேண்டுமானால் அவன் நெருங்கி வருவான், வேண்டாமென்றால் போவான். எதையாவது கவ்விக்கொண்டு போனால் பிடுங்காமல், அதைவிட நல்லதைக் காட்டிப் பண்டமாற்று. ஒருநாள் என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு முழு முட்டை கொடுத்தேன். விலை கட்டுபடியானதுதான்.

இந்த வேலையில் என்னைவிட என் மகள் கெட்டிக்காரி. அவள் எதுவும் செய்யவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவன் மிஷினை விட்டு வந்து அவள் கணக்கு நோட்டின் ஓரத்தில் தாடையை வைத்துத் தூங்கிப் போவான்.

பயம் தெளிந்ததும் கடி திரும்பி வந்தது! இந்தத் தடவை விளையாட்டுக் கடி. அம்மா பேப்பரைத் தேடினாள், நான் கும்பிடு போட்டுத் தடுத்தேன். பல் தோலில் பட்டால், கத்தாமல், தள்ளாமல், எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அரை நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். திரும்பி வந்து, கடிக்கத் தோதாக முடிச்சுப் போட்ட பருத்திக் கயிறோ, நனைத்து ஃப்ரீசரில் வைத்த துணியோ கொடுப்போம். அவன் அண்ணன் தம்பிகள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடம்தான், நாங்கள் தாமதமாக நடத்தினோம். வீட்டில் ஒருத்தர் சிரித்து, ஒருத்தர் அடித்தால் பாடம் ஏறாது. மச்சினன் வருகிற நாளெல்லாம் கையை வாயில் கொடுத்து விளையாடி ஒரு வாரப் பாடத்தைக் கெடுத்துவிட்டுப் போவான். சாயங்காலம் ஏழு மணிக்கு வெறி பிடித்தமாதிரி ஓடுவானே, அது பெரும்பாலும் தூக்கம் போதாத குறை. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் யார் தூங்கவிட்டார்கள்?

நாலரை மாதம் இருக்கும்போது முற்றத்தில் பொன்னி அரிசி மாதிரி ஒன்று கிடந்தது. மணியின் பால்பல். 28 போய் 42 வருகிற நேரம். தன் பல் விழுந்தபோது செய்ததைப் போலவே இதையும் கூரை மேல் எறிய வேண்டும் என்றாள் மகள். எங்கள் வீடு காங்கிரீட் தளம். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீசிவிட்டு வந்தாள். ஏழு மாதத்தில் எல்லாப் பல்லும் மாறி, கடியும் அடங்கியது.

மணிக்கு இப்போது நாலு வயது. சாப்பிடும்போது தட்டில் நான் கை வைக்கலாம். நகம் வெட்டினால் காலை நீட்டுவான். ஊசிக்குக் கொண்டுபோனால் என் மடியில்தான் தலையை ஒளித்துக்கொள்வான், அதே வலது கைக்குள். ஆனால் காலையில் பேப்பரைப் படித்து முடித்து நான் மடிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். இன்று காலையும் போனான்.