எனாமல் விளம்பரப் பலகை: மங்காத நிறம், அரிபடும் இரும்பு

எழுத்துகளின் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. ஓரங்களோ துருவேறி உதிர்கின்றன. பழைய எனாமல் விளம்பரப் பலகைகளுக்கு வயதாவது இப்படித்தான்.

பூச்சு பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் படியவைத்தார்கள். நிறத்துக்கு நிறம் சூளையில் சுட்டெடுக்க வேண்டும், பொறுமையான வேலை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமை அடுத்த செல்லி ஓக்கில் 1889இல் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது. சோப்பு, தேயிலை, கோகோ விளம்பரங்கள் ரயில் நிலையச் சுவர்களை நிறைத்தன. நீலத்துக்குக் கோபால்ட் என நிறம் தருபவை உலோக ஆக்சைடுகள் என்பதால் வெயில் அவற்றை எளிதில் வெளுக்க வைப்பதில்லை.

சேதம் தொடங்கும் இடம் திருகாணித் துளை. ஆணியை இறுக்கும்போதே அங்கே கண்ணாடி விரிசல் விடும். மழைநீர் உள்ளே இறங்கும். சில்லு பெயர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால் மேற்பூச்சு, அதனடியில் கருமையான அடிப்பூச்சு, நடுவில் பழுப்புத் துரு என வளையங்கள் தெரியும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; பக்கத்துக் கண்ணாடியையும் நெம்பிப் பெயர்த்துவிடும்.

பலகையின் நடுவில் காணும் வட்டக் காயங்கள் பெரும்பாலும் கல்லெறியால் வந்தவை.

இந்தப் பலகைகளின்மேல் புதுப் பெயின்ட் அடிப்பது பெரும் தவறு. ஈரம் அண்டாமல் வைத்தாலே துரு பரவுவது வெகுவாகக் குறையும்.