கிளாரினெட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ

கிளாரினெட்டின் மிகத் தாழ்வான சுரத்துக்குச் சுண்டுவிரல் ஒரு கீயைத்தான் அழுத்துகிறது. ஆனால் அந்த ஓர் அழுத்தத்தில், கீழ்த்துண்டின் துளைகளை அடைக்கும் இரண்டு பேட்களும் ஒருசேர மூட வேண்டும். ஒன்று மயிரிழை முந்திவிட்டால் மற்றதன் ஓரமாகக் காற்று கசியும். அதே விரலமைப்பில் மேலே ஒலிக்கும் 'பி' சுரம் பிசிறடிக்கும். சில சமயம் வரவே வராது.

பழுது பார்ப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிது. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில் ஒரு கீற்று நறுக்கி, பேட்டின் அடியில் வைத்து, கீயை இலேசாக அழுத்தியபடி இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பேட்டும் தாளை ஒரே இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால், இரண்டையும் இணைக்கும் 'காக்கைக்கால்' என்ற உலோகத் துண்டைச் சற்றே வளைப்பார்கள். அல்லது அங்கே ஒட்டியுள்ள தக்கையின் கனத்தை மாற்றுவார்கள். பழகாத கை பட்டால் காரியம் கெட்டுவிடும்.

இப்படி வளைக்கத் தேவையில்லாமல், சில தொழில்முறைக் கருவிகளில் அந்த இடத்தில் சின்ன ஸ்க்ரூக்களை வைத்திருக்கிறார்கள். மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் இணைக்கும் பாலக் கீயிலும் இவ்வசதி உண்டு. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஓபோவில் இத்தகைய ஸ்க்ரூக்கள் ஏராளம். கிளாரினெட் வேறு வழியில் வளர்ந்தது. கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவரான பஃபேயும் 1844-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. 1955-இல் வந்த பஃபே கிராம்போன் ஆர்13 மாடலின் பாலக் கீயில் ஸ்க்ரூ கிடையாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பெரிய இசைக்குழுக்களில் அது ஒலித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்க்ரூவால் பலன் இல்லாமல் இல்லை. கிரெனடில்லா மரம் ஈரப்பதத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். தக்கை நாளாக நாளாக அமுங்கும். வெளியூர்க் கச்சேரியில் பழுது பார்க்க ஆளில்லாதபோது கால் சுற்று திருப்பினால் அன்றைய நிகழ்ச்சி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதிர்வில் ஸ்க்ரூ தானாகத் தளரவும் கூடும். தெரியாமல் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, சாதாரண கிளாரினெட்டிலேயே இருக்கும் 'ஏ' கீயின் ஸ்க்ரூ சாட்சி. அதைக் கொஞ்சம் அதிகம் முறுக்கினால் பக்கத்துப் பேட் முழுதாக மூடாது; கீழ்ச் சுரங்கள் எல்லாமே தடுமாறும்.

காக்கைக்கால் ஸ்க்ரூ உண்மையிலேயே உதவும் வசதி. பாலக் கீ ஸ்க்ரூ இருந்தால் நல்லது, அவ்வளவே. இவ்விரண்டையும்விட அன்றாடம் பயன்படுவது ஏற்றி இறக்கக்கூடிய கட்டைவிரல் தாங்கி. கருவியின் பாரம் பெரும்பாலும் வலது கட்டைவிரலில்தான் விழுகிறது. தாங்கி சரியான உயரத்தில் இல்லையென்றால் மணிக்கட்டு வரை வலிக்கும்.

கருவி வாங்குபவர்கள் முதலில் நாதத்தையும் சுருதியையும் பாருங்கள். கையில் ஏற்கெனவே நல்ல கிளாரினெட் இருந்தால், ஸ்க்ரூவுக்காக அதை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, தேர்ந்த ஒருவரிடம் ஆண்டுக்கொரு முறை கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டாலே போதும்.